ஆன்லைனில் மளிகை வாங்கும் வீடுகளுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்குப் போகிற இரண்டு பேர், பள்ளிக்குப் போகிற பிள்ளைகள், ராத்திரி எட்டு மணிக்குப் பார்த்தால் காலியாக நிற்கிற எண்ணெய் பாட்டில். இப்படிப்பட்ட வீடுகளில் இருப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். சில வருடங்களாக எங்கள் வீட்டு மளிகையில் முக்கால்வாசி ஆன்லைனில்தான் வருகிறது. மீதிக் கால்வாசிக்கு நான் ஏன் இன்னும் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறேன் என்பது கடைசிக் கேள்வியில் இருக்கிறது.

நிஜமாகவே நேரம் மிச்சமாகுமா, இல்லை சும்மா சொல்கிறார்களா?

ஆகும். ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. கடைக்குப் போவதை எண்ணிப் பாருங்கள்: கிளம்புவது, போய்ச் சேருவது, வண்டி நிறுத்த இடம் தேடுவது, அலமாரி அலமாரியாகச் சுற்றுவது, பில் போட வரிசையில் நிற்பது, தூக்கி வருவது. வீட்டுக்கு வந்து பிரித்து அடுக்குவது இரண்டு வழியிலும் உண்டு, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பட்டியல் தயாராக இருந்தால் ஆர்டர் போட பத்துப் பதினைந்து நிமிடம் போதும்.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. கடைக்குப் போக ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ சேர்ந்தாற்போல் வேண்டும், பிள்ளைகள் உள்ள வீட்டில் அப்படி முழுசாக ஒரு நேரம் கிடைப்பதுதான் கஷ்டம். ஆன்லைன் ஆர்டரைத் துண்டு துண்டாகப் போடலாம்: நாலு பொருளை பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, இன்னும் ஆறை மதியச் சாப்பாட்டு இடைவேளையில், மீதியைப் பிள்ளைகள் தூங்கிய பிறகு. கூடை அப்படியே காத்திருக்கும், பாதியில் விட்டுவிட்டுப் போனால் யாரும் முறைக்க மாட்டார்கள்.

தினமும் சாயந்திரம் ஆப்பைத் திறந்து ஒவ்வொரு பொருளாக வாங்கினால் மட்டும் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது.

முதல் ஆர்டர் போட ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. கடைக்கே போயிருக்கலாமோ?

எல்லோருக்கும் அப்படித்தான் ஆகும். முகவரி, கட்டண விவரம், ஒவ்வொரு பொருளிலும் எந்த பிராண்ட், எந்த அளவு என்று முதல் தடவை எல்லாவற்றையும் தேட வேண்டியிருக்கிறது. மூன்றாவது ஆர்டருக்குள் உங்கள் வீட்டில் வழக்கமாக வாங்கும் பொருட்களில் பெரும்பகுதி பழைய ஆர்டர்களில் வந்துவிடும். அதன் பிறகு முகப்புப் பக்கத்தில் தேடவே தேடாதீர்கள். முகப்புப் பக்கம் கடைக்காரர் விற்க நினைப்பதைக் காட்டும் இடம், நீங்கள் வாங்க நினைப்பது ‘முன்பு வாங்கியவை’ பகுதியில் இருக்கிறது. நேராக அங்கே போய் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சேருங்கள்.

பட்டியல் போடுவது எப்படியும் என் தலையில்தான் விழுகிறது. இதில் என்ன மாறப் போகிறது?

மாற வேண்டியது இதுதான். மளிகை வாங்குவதில் களைப்பு தருவது பையைத் தூக்குவது மட்டும் இல்லை. சோப்பு எத்தனை மிச்சம் இருக்கிறது, எண்ணெய் எந்த வாரம் தீரும், சின்னவளுக்கு எந்தப் பிஸ்கட் ஒத்துக்கொள்ளாது, பள்ளி விழாவுக்கு என்ன கேட்டார்கள் என்பதையெல்லாம் ஒரே ஆள் எந்நேரமும் மனதில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. கடைக்குப் போகிற வேலையை மாற்றி மாற்றிப் பங்கு போட்டுக்கொள்கிற வீடுகளில்கூட இந்த நினைப்பு ஒருவரிடம்தான் தங்குகிறது. “கடைக்கு நான் போகிறேன், என்ன வாங்கணும்னு மட்டும் சொல்லு” என்று சொல்பவர் பாதி வேலையைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஒரே கணக்கை வீட்டில் எல்லோருடைய போனிலும் போட்டு வைத்தாலோ, பொதுவாக ஒரு பட்டியல் ஆப் வைத்தாலோ அந்த நினைப்பு தலையை விட்டு வெளியே வந்துவிடும். எங்கள் வீட்டில் ‘தீர்த்தவர் சேர்க்க வேண்டும்’ என்று விதி போட்டோம். முதல் மாதம் படுதோல்வி. தீர்ந்த பிறகு சேர்த்தால் பொருள் வரும்வரை பல் தேய்க்க வழி இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. இப்போது விதி மாறிவிட்டது: கடைசிப் பாக்கெட்டைப் பிரிக்கிறவர் சேர்க்க வேண்டும். பற்பசையாக இருந்தாலும் சரி, குப்பைப் பையாக இருந்தாலும் சரி, பிரிக்கிற கையோடு பட்டியலில் போட்டுவிட வேண்டும்.

இன்னொரு விதியும் வேண்டும். பட்டியலில் யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம், ஆர்டர் பொத்தானை அமுக்குவது ஒருவர்தான், அதுவும் வாரத்தில் சொல்லி வைத்த ஒரு நாளில்தான். இது இல்லாத காலத்தில் நானும் என் கணவரும் ஒரே நாள் ராத்திரி ஆளுக்கொரு போனில் ஆர்டர் போட்டு, மறுநாள் வீடு முழுக்க வெங்காயம். அந்த வாரம் என்ன சமைத்தோம் என்று கேட்காதீர்கள்.

பொத்தானை அமுக்குகிறவர் ஊரில் இல்லையென்றாலும் உடம்பு சரியில்லையென்றாலும் வீடு நிற்காது. எந்தப் பால், எந்த அளவு டப்பா, எந்த சலவைத் தூள் என்பதெல்லாம் பழைய ஆர்டரில் படத்தோடு இருக்கிறது. அலமாரி முன்னால் நின்றுகொண்டு “பச்சை மூடியா, நீல மூடியா?” என்று போன் போட வேண்டிய அவசியம் இல்லை.

பணம் மிச்சமாகுமா, கூடுதலாகப் போகுமா?

இரண்டும் நடக்கும், நீங்கள் வாங்குகிற விதத்தைப் பொறுத்தது. முதலில் சாதகமானது: கூடையின் மொத்தத் தொகை எப்போதும் கண் முன்னால் இருக்கிறது. கடையில் பில் போட்ட பிறகுதான் தொகை தெரியும், பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது “இதை எடுத்துவிடுங்கள்” என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். ஆப்பில் எத்தனை தடவை வேண்டுமானாலும் நீக்கலாம், யாருக்கும் தெரியாது. பில் போடும் இடத்தில் பிள்ளைகளின் கை எட்டும் உயரத்தில் மிட்டாய் அடுக்கியிருக்காது. வாங்குவதற்கு முன் சமையலறைக்கு எழுந்து போய் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு வரலாம். இருக்கிறதா இல்லையா என்ற சந்தேகத்திலேயே நாம் வாங்கிக் குவித்த பொருட்கள் கொஞ்சமா?

பாதகமும் இருக்கிறது. மிட்டாய்த் தட்டு ஆப்பிலும் உண்டு, உருவம்தான் வேறு. ‘இதோடு இதையும் வாங்கினார்கள்’ என்பது ஒன்று. ‘இன்னும் கொஞ்சம் சேர்த்தால் டெலிவரி இலவசம்’ என்பது இன்னொன்று, பெரும்பாலும் அந்தக் கொஞ்சத்துக்காக வாங்குகிற பொருள் டெலிவரி கட்டணத்தைவிட அதிகமாகிவிடும். ஓடுகிற கடிகாரத்தோடு வருகிற தள்ளுபடியை நான் பார்ப்பதே இல்லை. அப்புறம், ஒரே நிறுவனத்தின் கடையிலும் ஆப்பிலும் விலை ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எல்லா இடத்திலும் இல்லை, ஒரு தடவை நேரில் ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

நான் செய்வது ஒன்றே ஒன்றுதான். கூடையை ராத்திரி நிரப்பிவிட்டு ஆர்டர் போடாமல் தூங்கிவிடுவேன். காலையில் திறந்தால் இரண்டு மூன்று பொருட்களைப் பார்த்து ‘இதை யார் போட்டது?’ என்று எனக்கே தோன்றும். அவற்றை எடுத்துவிட்டு ஆர்டர் போடுவேன்.

மிச்சமா இல்லையா என்று தெரிந்துகொள்ளத் தனித்தனிப் பொருளின் விலையைப் பார்த்துப் பயன் இல்லை. எல்லா பில்லும் கணக்கில் சேர்ந்திருக்கிறது, மூன்று மாத மொத்தத்தைக் கூட்டுங்கள். அதற்கு முந்தைய மூன்று மாதம் கடையில் செலவழித்ததோடு ஒப்பிடுங்கள். கடைக்குப் போய் வந்த எரிபொருளையும், போன இடத்தில் பிள்ளைகளோடு வெளியே சாப்பிட்டதையும் சேர்த்துத்தான்.

பெரிய பாக்கெட் வாங்கினால் லாபம்தானே?

பல நேரம் ஆமாம், எப்போதும் இல்லை. விலைக்குக் கீழே சின்ன எழுத்தில் நூறு கிராமுக்கு இவ்வளவு, ஒரு லிட்டருக்கு இவ்வளவு என்று போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். போடவில்லையென்றால் போனிலேயே ஒரு வகுத்தல். அலமாரி முன்னால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செய்ய முடியாத கணக்கை இங்கே நிதானமாகச் செய்யலாம். சில நேரம் இரண்டு நடுத்தர பாக்கெட் ஒரு பெரிய பாக்கெட்டைவிட மலிவாக இருக்கும். விலை ஏறாமல் எடை மட்டும் குறைந்துபோன பாக்கெட்டுகளும் இப்படித்தான் மாட்டும். பழைய ஆர்டரில் 500 கிராம் என்று இருந்தது இப்போது 450 கிராம் என்று இருந்தால் உங்கள் கணக்கே சாட்சி.

இலவச டெலிவரி என்கிறார்களே, அவர்களுக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது?

இலவசம் என்று எதுவும் இல்லை, செலவு எங்கோ ஒளிந்திருக்கிறது. ஒருவர் உங்கள் பொருட்களைத் தேடி எடுக்க வேண்டும், இன்னொருவர் பொதிய வேண்டும், மூன்றாமவர் வீட்டு வாசல்வரை கொண்டுவர வேண்டும். கடைக்குப் போனால் இந்த மூன்று வேலையையும் நாமே சம்பளம் இல்லாமல் செய்கிறோம். அமெரிக்காவில் 1996-ல் தொடங்கிய வெப்வேன் என்ற நிறுவனம் ஆன்லைன் மளிகைக்காகப் பெரிய பெரிய கிடங்குகளை எல்லாம் கட்டியது. அவ்வளவு செலவுக்கு ஈடான வியாபாரம் வரவில்லை, 2001-ல் திவாலானது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இன்றைக்கும் பேசுகிற பாடம் அது.

ஆகவே கட்டணம் பொருளின் விலையிலோ, ‘கையாளும் கட்டணம்’ என்ற வரியிலோ, குறைந்தபட்ச ஆர்டர் தொகையிலோ, சந்தாவிலோ இருக்கும். பில்லின் கடைசி வரிவரை படியுங்கள்.

சந்தா கட்டலாமா என்றால், வருடச் சந்தாவை நீங்கள் உண்மையாகப் போடப்போகும் ஆர்டர்களின் எண்ணிக்கையால் வகுங்கள். வாரம் ஒன்று என்றால் 52. ஒரு ஆர்டருக்கு வருகிற தொகை டெலிவரி கட்டணத்தைவிடக் குறைவாக இருந்தால் கட்டலாம். ஆனால் ஒன்று, சந்தா கட்டியவுடன் ‘டெலிவரிதான் சும்மாவாச்சே’ என்று ஆர்டர்கள் பெருகும், பொருளும் பெருகும். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் தேதியைக் காலண்டரில் ஒரு வாரம் முன்னதாகக் குறித்து வையுங்கள்.

பத்து நிமிடத்தில் கொண்டுவந்து தருகிறார்கள். அப்புறம் எதற்கு வாரப் பட்டியல்?

குழந்தைக்கு ராத்திரி காய்ச்சல், டயப்பர் தீர்ந்துவிட்டது, விருந்தாளி வாசலில் நிற்கிறார். இதற்கெல்லாம் உடனடி டெலிவரி வரப்பிரசாதம்தான், மறுக்கவில்லை. அதையே வழக்கமாக்கிக்கொண்டால் ஒவ்வொரு சாயந்திரமும் ‘என்ன இல்லை?’ என்ற கேள்வி திரும்ப வந்துவிடும், எதைத் தலையிலிருந்து இறக்கி வைத்தோமோ அது மறுபடி ஏறி உட்கார்ந்துகொள்ளும். வரும் பொருளோடு ஒரு சாக்லேட்டும் சேர்ந்து வரும். இந்தச் சேவைகள் வீடுகளுக்குப் பக்கத்தில் சின்னக் கிடங்குகளை வைத்து நடத்துகிறார்கள், அதனால் சரக்கு வகை குறைவு. உங்கள் பிராண்ட் இருக்காது, பெரிய பாக்கெட்டும் இருக்காது. அவசரத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் போனால் அந்த வாரப் பட்டியலை யாரோ ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று அர்த்தம், அது யார் என்று ஒரு சின்ன விசாரணையும் நடக்கும்.

காய்கறி, பழத்தைத் தொட்டுப் பார்க்காமல் எப்படி வாங்குவது?

எல்லாவற்றையும் ஒரே மாதிரி நினைக்க வேண்டாம். வெங்காயம், உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ் போன்ற கெட்டியானவற்றை யார் எடுத்தாலும் பெரிதாகக் கெட்டுப் போகாது. தக்காளி, கீரை, பழுத்த பழங்களில்தான் வம்பு. முதல் தடவை கொஞ்சமாக வாங்கிப் பாருங்கள். அந்தக் கடையில் எடுத்துத் தருகிறவர் கவனமானவரா என்பது இரண்டு ஆர்டரில் தெரிந்துவிடும். குறிப்பு எழுத இடம் இருந்தால் ‘நல்லது தரவும்’ என்று எழுதாதீர்கள், அதற்கு அர்த்தமே இல்லை. ‘மூன்று நாள் கழித்துச் சாப்பிட, காயாக இருக்கட்டும்’ என்று எழுதுங்கள்.

அளவைக் கவனியுங்கள். எண்ணிக்கையா, எடையா என்று பார்க்காமல் இஞ்சிக்கு ‘ஒன்று’ என்று போட்டேன், ஒரு துண்டு வரும் என்ற நினைப்பில். வந்தது ஒரு கிலோ. எடை போட்டு விற்கும் பொருட்களில் கேட்டதற்கும் வந்ததற்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கலாம். நல்ல கடைகள் வந்த எடைக்குத்தான் பில் போடுவார்கள், கடைசி பில்லைப் பார்த்தால் தெரியும்.

பை வந்ததும் பழத்தையும் கீரையையும் பிரித்துவிடுங்கள். வாழைப்பழம், ஆப்பிள், தக்காளி எல்லாம் பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை வெளிவிடும். அது பக்கத்தில் இருக்கும் கீரையைச் சீக்கிரம் மஞ்சளாக்கிவிடும். ஒரே பையில் கட்டி அனுப்புவது அவர்கள் வசதிக்கு, அப்படியே ஃப்ரிட்ஜில் தள்ளுவது நம் சோம்பலுக்கு.

பால், இறைச்சி, ஐஸ்கிரீம் எல்லாம் வரும்போது வீட்டில் ஆள் இல்லையென்றால்?

இதில் மட்டும் அலட்சியம் கூடாது. கெட்டுப்போகும் உணவை சாதாரண வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது பொதுவான பாதுகாப்பு விதி, வெளியே 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெயில் அடித்தால் 1 மணி நேரம்தான். 4 முதல் 60 டிகிரி வரைதான் கிருமிகள் வேகமாகப் பெருகும் வெப்பநிலை. அதனால்தான் ஃப்ரிட்ஜ் 4 டிகிரியிலோ அதற்குக் கீழேயோ, ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியிலோ இருக்க வேண்டும் என்கிறார்கள். கடையில் பொதிந்தது, வண்டியில் வந்தது, வாசலில் கிடந்தது எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு, உங்கள் கைக்கு வந்த நேரத்திலிருந்து இல்லை.

ஆகவே குளிர்ப் பொருட்கள் உள்ள ஆர்டரை யாராவது கட்டாயம் வீட்டில் இருக்கும் நேரத்துக்குப் போடுங்கள். ‘வாசலில் வைத்துவிடுங்கள்’ என்பது சோப்பு, மாவு, டிஷ்யூ மாதிரிப் பொருட்களுக்குத்தான் சரி. பை வந்ததும் முதலில் உறைந்த பொருள், அடுத்து பால், இறைச்சி, முட்டை, கடைசியில் மற்றவை என்று பிரியுங்கள். உறைந்த பொருளில் இன்னும் பனித்துகள் இருந்தால் திரும்ப ஃப்ரீசரில் வைக்கலாம். முழுக்க உருகி வெதுவெதுப்பாக வந்திருந்தால் படம் எடுத்துப் புகார் செய்துவிட்டு அதைத் தூக்கிப் போடுங்கள். காசு போச்சே என்று சமைத்துச் சாப்பிட வேண்டாம்.

கேட்டது இல்லையென்று வேறு எதையோ அனுப்பிவிடுகிறார்களே?

ஆர்டர் போடும்போதே மாற்றுப் பொருள் வேண்டுமா, வேண்டாமா என்று ஒரு தேர்வு இருக்கும். பல ஆப்களில் ‘வேண்டும்’ என்பது முன்கூட்டியே டிக் ஆகியிருக்கும். ரொட்டி, டிஷ்யூ போன்றவற்றுக்கு அப்படியே விடுங்கள்.

வீட்டில் யாருக்காவது ஒவ்வாமை இருந்தால் அவருக்கான பொருள் ஒவ்வொன்றிலும் ‘மாற்று வேண்டாம்’ என்று போட்டாக வேண்டும். வேர்க்கடலை இல்லாத பிஸ்கட்டுக்கு மாற்றாக வேர்க்கடலை பிஸ்கட் வருவது சின்னத் தவறு இல்லை. கைக்குழந்தையின் பால் பவுடருக்கும் இதே விதி. பொருள் பக்கத்தில் லேபிள் படத்தைப் பெரிதாக்கிப் படிக்க முடிவது நல்ல வசதிதான், ஆனாலும் தயாரிப்பு மாறியும் படம் மாறாமல் இருக்கலாம். கைக்கு வந்த பாக்கெட்டின் லேபிளை மறுபடி படித்துவிட்டுத்தான் தர வேண்டும்.

உணவு வீணாவது குறையுமா?

வாரச் சமையலை யோசித்துவிட்டு ஆர்டர் போட்டால் குறையும். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி 2022-ல் உலகம் முழுவதும் 105 கோடி டன் உணவு வீணாகியிருக்கிறது. அதில் 60 சதவீதம் ஹோட்டல்களோ கடைகளோ இல்லை, வீடுகள். எனக்கு அதைப் படித்ததும் எங்கள் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுதான் ஞாபகம் வந்தது.

ஆன்லைனில் ஒரு சௌகரியம், ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டே ஆர்டர் போடலாம். அரை முட்டைக்கோஸ் கிடக்கிறதா, அதை வைத்து என்ன செய்யலாம் என்று பார்த்துவிட்டு மீதியை வாங்கலாம். ஆனால் ஒரு பழம் வேண்டுமென்றால் ஒன்று மட்டும் பொறுக்கி எடுக்க எல்லா ஆப்பிலும் முடியாது, அரை கிலோ பாக்கெட்டாகத்தான் தருவார்கள். காலாவதித் தேதியை முன்கூட்டிப் பார்க்கவும் பெரும்பாலும் வழி இல்லை. வந்ததும் தேதியைப் பார்த்து, பழையதை முன்னாலும் புதியதைப் பின்னாலும் வையுங்கள்.

வேறு ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு இங்கிருந்தே வாங்கி அனுப்பலாமா?

தாராளமாக. சொல்லப்போனால் ஆன்லைன் மளிகை தொடங்கியதே அப்படித்தான். 1984 மே மாதம் இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் ஊரில் ஜேன் ஸ்னோபால் என்ற 72 வயதுப் பாட்டி தன் வீட்டு டிவியையும் ரிமோட்டையும் வைத்து டெஸ்கோ கடைக்கு ஆர்டர் போட்டார். மார்ஜரின், கார்ன்ஃப்ளேக்ஸ், முட்டை. முதியவர்களுக்கும் நடமாடச் சிரமப்படுபவர்களுக்கும் உதவ அங்கே உள்ளூராட்சி நடத்திய திட்டம் அது. பொருள் வீட்டுக்கு வந்ததும் கையில் பணம் கொடுத்தார்.

அவர்கள் முகவரியை உங்கள் கணக்கில் தனியாகச் சேருங்கள், தொடர்பு எண்ணாக அவர்களுடையதைக் கொடுங்கள். ஆர்டர் போடும் முன் முகவரியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள், அம்மாவுக்குப் போக வேண்டிய மாவு மூட்டை எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கியிருக்கிறது. இன்னொன்று, அவர்கள் நடந்துபோய்க் கடையில் நாலு பேரோடு பேசிவிட்டு வருவது அவர்களுக்கு அன்றைய பொழுது. கனமான பொருட்களை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், காய்கறியை அவர்களுக்கே விட்டுவிடுங்கள்.

பிள்ளைகளை இதில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு தொகையைச் சொல்லி ‘இந்த வார சிற்றுண்டி இதற்குள் நீயே போடு’ என்று விட்டுப் பாருங்கள், கூட்டல் கழித்தல் தானாக வரும். கட்டணம் செலுத்துகிற பக்கத்துக்கு மட்டும் கடவுச்சொல் இருக்கட்டும்.

சுற்றுச்சூழலுக்கு நல்லதா கெட்டதா?

எப்படி வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகக் காரில் போய் வருவதைவிட, ஒரே வண்டி ஒரு தெருவில் பத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டுப் போனால் புகை குறையும். 2013-ல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படி டெலிவரி வண்டிகள் கார்ப் பயணங்களுக்குப் பதிலாக வரும்போது கரியமில வாயு குறைந்தபட்சம் பாதியாவது குறையலாம் என்று கண்டார்கள். நீங்கள் கடைக்கு நடந்தோ சைக்கிளிலோ போகிறவராக இருந்தால் இந்த வாதம் உங்களுக்கு இல்லை. ஒரு பாக்கெட் பாலுக்காகத் தனியாக ஒரு வண்டி வருவதும் இந்தக் கணக்கில் சேராது. பைகளைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையாக இருந்தால் கொடுத்துவிடுங்கள்.

பணம் கட்டுவதில் என்ன கவனிக்க வேண்டும்?

ஓடிபி எண்ணை யாருக்கும் போனில் சொல்லாதீர்கள், ‘ரீஃபண்ட் அனுப்புகிறோம், ஓடிபி சொல்லுங்கள்’ என்று கேட்டால் அது நூற்றுக்கு நூறு மோசடி. பணம் திரும்பி வர ஓடிபி தேவையே இல்லை. வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுபொறியில் தேடாமல் ஆப்புக்குள்ளிருந்தே எடுங்கள், போலி எண்கள் தேடுபொறியில்தான் காத்திருக்கின்றன. டெலிவரிக்கு வந்தவரிடம் கதவைத் திறக்கும் முன் ஆப்பில் ஆர்டர் நிலையைப் பார்ப்பதும் நல்லது.

பொருள் குறைந்தாலோ உடைந்து வந்தாலோ?

அப்போதே படம் எடுத்து ஆப்பிலேயே புகார் போடுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் கெடு முடிந்திருக்கும். பெரிய ஆர்டர் என்றால் பில்லை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஒருமுறை ஒரு கடை இரண்டு எண்ணெய் பாட்டிலுக்குப் பணம் வாங்கிக்கொண்டு ஒன்றைத்தான் அனுப்பியது, நான் கவனித்தது மூன்று வாரம் கழித்து. போனது போனதுதான். பணம் திரும்பி வந்தால் அது வங்கிக் கணக்குக்கு வந்ததா, ஆப்பின் வாலட்டில் கிடக்கிறதா என்றும் பாருங்கள். வாலட்டில் கிடந்தால் அது அவர்களிடம் செலவழிக்க மட்டும்தான்.

அப்படியென்றால் கடைக்கே போக வேண்டாமா?

நான் போகிறேன். மீன், கீரை, அன்றைக்கே சாப்பிடப் போகிற பழம் இதெல்லாம் நேரில்தான். புதிதாக ஒரு பொருளை வாங்கும்போதும் கையில் எடுத்துப் பார்த்தால்தான் எனக்குத் திருப்தி. ஆப்பில் பழைய ஆர்டரையே திரும்பத் திரும்ப அமுக்குவதில் ஒரு கஷ்டம், ஆறு மாதமாக ஒரே சாப்பாடு என்று வீட்டில் யாராவது சொல்லும்வரை நமக்கே தெரியாது. அப்படிச் சொன்ன வாரம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன், கூட வருவதற்குச் சின்னவள் தயாராக இருப்பாள், வழக்கம்போல மிட்டாய்த் தட்டுக்காக.